வலி ஊசிக்கு முன் நாடியைப் பாருங்கள்: குதிரை நலம் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வயிற்று வலியைப் பற்றியவை. அதனால் அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் ஏழு வயதுக் குதிரை இரவில் முன்காலால் தரையைக் கீறிக்கொண்டு, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கையிலிருந்த ஃப்ளூனிக்ஸின் என்ற வலி மருந்து ஊசியைப் போட்டதும் அடங்கியது. மூன்று மணி நேரத்தில் மறுபடியும் அதே வலி. இன்னொரு ஊசி போடலாமா? அறுவை சிகிச்சை தேவைப்படும் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: போடாதீர்கள். உடனே மருத்துவரை வரவழையுங்கள். ஃப்ளூனிக்ஸினின் அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.1 மி.கி. 500 கிலோ குதிரைக்கு 550 மி.கி.; ஒரு மி.லி.க்கு 50 மி.கி. உள்ள மருந்தில் இது 11 மி.லி. முழு அளவு போட்டால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வலி அடங்கியிருக்க வேண்டும். அதை மீறி மூன்று மணி நேரத்தில் வலி திரும்புகிறது என்றால், அதுவே ஒரு முக்கியமான அறிகுறி. குடல் முறுக்கிக்கொண்டோ, எதிலாவது சிக்கி ரத்த ஓட்டம் தடைபட்டோ இருக்கலாம். இரண்டாவது ஊசி அந்த அறிகுறியை மறைக்கும், குடலைக் காப்பாற்றாது.

ஊசி போடும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ளூனிக்ஸினைத் தசையில் போடக்கூடாது. அந்த இடத்தில் குளோஸ்ட்ரிடியம் கிருமி வளர்ந்து தசையே அழுகி, வயிற்று வலியில் பிழைத்த குதிரை அதனால் இறப்பதுண்டு. மருந்தைக் கழுத்துச் சிரை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். கழுத்தின் கீழ்ப்பகுதியில் அந்தச் சிரைக்கு மிக அருகிலேயே தமனி ஓடுகிறது. தவறி மருந்து தமனிக்குள் போய்விட்டால் குதிரை அந்த நொடியே வலிப்பு வந்து விழும். பழகாத கை இதைச் செய்யக்கூடாது.

மருத்துவர் வந்து சேர்வதற்குள் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, சில எண்களைக் குறித்து வைப்பது. முதலில் நாடி. கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து அழுத்தினால், மெல்லிய கயிறு போல ஒரு தமனி உருளும். அங்கே ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இயல்பு. மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. வெப்பநிலை 37.5 முதல் 38.5 செல்சியஸ். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். பிறகு இரு பக்க விலாவிலும் மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று நான்கு இடங்களில் காதை வைத்துக் குடல் ஓசை கேளுங்கள். கடைசியாக எப்போது லத்தி போட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, என்ன மருந்து எந்த நேரத்தில் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். மருந்தின் நேரம் ஏன் முக்கியம் என்றால், வலிக்குக் கொடுக்கும் ஹையோசின் நாடியைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். அது தெரியாத மருத்துவர் அந்த எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

வலி மருந்து கொடுத்த பிறகும் நாடி 60க்கு மேலேயே நிற்கிறது, ஈறு செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறுகிறது, குடல் ஓசை அடியோடு இல்லை, வயிறு உப்பிக்கொண்டே போகிறது என்றால், அறுவைக் கூடம் உள்ள மருத்துவமனைக்கு வண்டியை ஏற்பாடு செய்துவிடுங்கள். தேவைப்படாவிட்டால் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம்.

மருத்துவர் வந்ததும் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விடுவார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயிலில் உள்ள தசை அவ்வளவு இறுக்கமானது. இரைப்பையின் கொள்ளளவோ 8 முதல் 15 லிட்டர்தான். சிறுகுடல் அடைபட்டால் நீர் பின்னோக்கி வந்து தேங்கி, கடைசியில் இரைப்பை வெடித்துவிடும். வெடித்த கணத்தில் வலி குறைந்து குதிரை அமைதியாக நிற்கும். பிறகு குப்பென்று வியர்த்து உடல் சில்லிடும். அதற்குமேல் எந்தச் சிகிச்சையும் இல்லை. குழாயில் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் திரும்பி வந்தால் அது அசாதாரணம். வாய் வழியாகப் பாட்டிலில் எண்ணெய் ஊற்றும் பழக்கத்தை நாங்கள் கடுமையாக எதிர்ப்பதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. இரைப்பை ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வரும் நிமோனியா பெரும்பாலும் ஆளைத் தீர்த்துவிடும். எண்ணெய் கொடுப்பதென்றால், குழாய் விட்டு, நீர் திரும்பி வரவில்லை என்று உறுதி செய்த பிறகு, அதே குழாய் வழியாகத்தான்.

அடுத்து, ஆசனவாய் வழியாகக் கைவிட்டுக் குடலைத் தடவிப் பார்ப்பார். அடிவயிற்றில் ஊசி குத்தி வயிற்று நீரையும் எடுப்பார். அது தெளிந்த வெளிர் மஞ்சளாக இருந்தால் நிம்மதி. சிவந்து கலங்கி இருந்தால், குடலின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரத்தம் கிடைக்காத திசுவில் உண்டாகும் லாக்டேட்டின் அளவு ரத்தத்தைவிட வயிற்று நீரில் அதிகமாக இருப்பதும் அதையே சொல்லும். வயிற்று வலி கண்ட குதிரைகளில் பத்தில் ஒன்பது வரை அறுவை இல்லாமலேயே தேறிவிடுகின்றன. மீதி ஒன்றை விடியும் முன்பே அடையாளம் காண்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

கேள்வி: வயிற்று வலி வந்த குதிரையைப் படுக்கவிடக்கூடாது, புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், விடிய விடிய நடத்த வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: நலமான குதிரையும் தினமும் புரளுகிறது, அதற்குக் குடல் முறுக்குவதில்லை. பெரும்பாலும் முறுக்கிய வலியில்தான் குதிரை புரளுகிறது. அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். முரட்டுத்தனமாகப் புரண்டு சுவரில் மோதிக் காயப்படுத்திக்கொள்ளும் போலிருந்தால் பத்து, பதினைந்து நிமிடம் மெல்ல நடத்தலாம். வாயுவால் வந்த வலிக்கு அந்த நடை கொஞ்சம் உதவவும் செய்யும். மணிக்கணக்கில் நடத்துவது, ஏற்கெனவே நீர் வற்றிய உடலைச் சோர்வடையத்தான் வைக்கும். வெறிகொண்டு புரளும் குதிரைக்கு அருகில் நீங்கள் நிற்காதீர்கள். தீவனத்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வயிற்று அறுவை சிகிச்சையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? செலவு செய்து அறுத்தும் இறந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். பிழைத்த குதிரை மறுபடி ஓடுமா?

பதில்: குதிரையை மயக்கி, மெத்தை போட்ட மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தொப்புளிலிருந்து முன்னோக்கி நடுக்கோட்டில் ஏறக்குறைய ஒரு அடி நீளத்துக்குத் திறப்பார்கள். முதலில் தேடுவது குருட்டுக்குடலின் நுனியை. அதிலிருந்து ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு போனால் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும், இன்னொரு பட்டையைப் பிடித்தால் பெருங்குடலுக்கும் வழி கிடைக்கும். இப்படி 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சிறுகுடலையும், அதன் பின் பெருங்குடலையும் கையால் சோதித்து வருவார்கள். பெருங்குடல் இடுப்புக்கு அருகே குறுகி மடங்கும் ஒரு வளைவு உண்டு. உலர்ந்த தீவனம் அடைப்பதும் அங்கேதான். அறுவையில் குடலைத் திறந்து கழுவித் தள்ளுவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

முறுக்கியது பெருங்குடலா சிறுகுடலா என்பதைப் பொறுத்துக் கதை மாறும். பெருங்குடல் முழுச் சுற்று முறுக்கிக்கொள்வது குட்டி போட்ட பெட்டைக் குதிரைகளில் அதிகம். ரத்த ஓட்டம் முழுதாக நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே குடல் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். வயதான குதிரைகளில் காம்புள்ள ஒரு கொழுப்புக் கட்டி சிறுகுடலைச் சுற்றி இறுக்கிக்கொள்வது வழக்கமான காரணம். மரக்கட்டையைப் பல்லால் பற்றிக் காற்றை உறிஞ்சும் பழக்கமுள்ள குதிரைகளில், கல்லீரலை ஒட்டிய ஒரு சிறு துளைக்குள் சிறுகுடல் நுழைந்து மாட்டிக்கொள்வது கூடுதலாகக் காணப்படுகிறது. செத்த பகுதியை வெட்டி எடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். சிறுகுடலில் பாதி வரை எடுத்தாலும் குதிரை தாங்கும். அதைவிட மிக அதிகமாகப் போனால் சத்து உறிஞ்சும் திறன் குறைந்து உடல் மெலிந்துவிடும்.

அறுவையைவிட மயக்கத்திலிருந்து எழும் நேரம்தான் பலருக்குக் கவலை. கவலைப்பட வேண்டியதும்தான். 2002-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 41,000-க்கும் மேற்பட்ட குதிரைகளின் மயக்கப் பதிவுகளைத் தொகுத்தார்கள். ஏழு நாட்களுக்குள் இறந்தவை 1.9 சதவீதம். வயிற்று வலி அறுவைகளைக் கழித்துப் பார்த்தாலும் 0.9 சதவீதம், அதாவது ஏறக்குறைய நூற்றில் ஒன்று. மனிதர்களுக்கான மயக்கத்தோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். காரணம் உடல் எடை. படுத்திருக்கும் குதிரையின் எடை அதன் தசைகளையே நசுக்குகிறது. தமனி ரத்த அழுத்தத்தின் சராசரி 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கினால் தசைக்கு ரத்தம் போய்ச் சேராமல் அது கெட்டுவிடும். எழும்போது கால் தாங்காது. அரை மயக்கத்தில் தடுமாறி எழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும் குதிரைகளும் உண்டு. அதனால்தான் மயக்கத்தின்போது டோபுட்டமின் கொடுத்து அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். எழும் அறைக்குச் சுவரெல்லாம் மெத்தை போட்டு, தலையிலும் வாலிலும் கயிறு கட்டித் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

பிறகு வரும் தொல்லைகள்: குடல் அசைவு நின்று இரைப்பையில் நீர் தேங்குவது, தையலில் சீழ், கழுத்துச் சிரை வீங்கி அடைத்துக்கொள்வது, சால்மொனெல்லா பேதி, குளம்பு அழற்சி. சில மாதம் கழித்துக் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மறுபடி வலி வருவதும் உண்டு. வயிற்றுச் சுவரின் நடுக்கோடு பழைய வலிமையைப் பெற ஏறத்தாழ எட்டு வாரம் வேண்டும். முதல் மாதம் லாயமும் கையில் பிடித்து நடையும், இரண்டாம் மாதம் சிறு அடைப்பு, மூன்றாம் மாதம் திறந்த வெளி, அதற்குப் பிறகே சவாரி. இந்த ஒழுங்கைக் காத்தவர்களின் குதிரைகள் நிறையவே பழைய வேலைக்குத் திரும்புகின்றன. அறுத்தும் இறந்தது என்று சொல்லப்படும் குதிரைகளைப் பார்த்தால், அவற்றில் பல மேசைக்குத் தாமதமாக வந்தவை.

கேள்வி: மனிதனுக்குக் கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். குதிரைக்கு ஏன் இன்னும் கருணைக் கொலை?

பதில்: எல்லா முறிவுக்கும் அப்படி இல்லை. மூட்டுக்குள் உடைந்த சிறு எலும்புச் சில்லை இன்று துளை வழி அறுவையில் எடுத்துவிடுகிறார்கள். கணுவுக்கு மேலே உள்ள நீள எலும்பின் கீழ்முனையில் விரிசல் விழுந்தால், திருகாணிகளால் இறுக்கிப் பந்தயத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். குட்டிகளுக்கு, எடை குறைவு என்பதால், பெரிய எலும்பு முறிவும் கூடிவிடுகிறது. வளர்ந்த குதிரையின் தொடை எலும்போ கீழ்க்கால் எலும்போ முற்றாக முறிந்தால்தான் வழி அடைபடுகிறது. 500 கிலோ எடையைத் தகடும் திருகாணியும் வாரக்கணக்கில் தாங்க வேண்டும். குதிரையை அத்தனை நாள் படுக்க வைக்கவும் முடியாது. முன்னங்கால் முட்டிக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு முனை தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் சீழ் பிடிப்பது ஏறக்குறைய நிச்சயம்.

இவற்றையெல்லாம் கடந்தாலும் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. முறிந்த காலைக் காக்க எதிர்க்கால் முழு எடையையும் சுமக்கும். குதிரை மாறி மாறிக் கால் மாற்றும்போதுதான் குளம்புக்குள் ரத்தம் சீராக ஓடும். அந்த மாற்றம் நின்றுவிட்டால், நல்ல காலின் குளம்புக்குள் எலும்பைத் தாங்கும் இழைகள் பட்டினி கிடந்து பிய்ந்துவிடும். 2006-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு நடந்தது இதுதான். அதே ஆண்டு மே 20 அன்று ப்ரீக்னெஸ் பந்தயத்தில் அதன் வலது பின்கால் பல துண்டுகளாக நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் குழு ஒரு தகடும் 27 திருகாணிகளும் வைத்துக் காலைச் சேர்த்தது. எழும்போது கால் அடிபடாமலிருக்க, மயக்கம் தெளியும்வரை ரப்பர் மிதவையில் வைத்து நீச்சல் தொட்டிக்குள் இறக்கினார்கள். முறிந்த கால் தேறி வந்தது. ஜூலையில் இடது பின்குளம்பில் அழற்சி வந்தது. 2007 ஜனவரி 29 அன்று கருணைக் கொலை செய்ய வேண்டியதாயிற்று. எலும்பைச் சேர்க்கும் நுட்பம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. எதிர்க்காலைக் காக்கும் வழிதான் ஆராய்ச்சியாளர்களுக்கு இன்றும் பெரிய வேலையாக இருக்கிறது.

முதலுதவியில் செய்யும் பிழை, கூடக்கூடிய முறிவையும் கூடாததாக்கிவிடும். கால் தொங்கினால் குதிரையை ஓர் அடிகூட நடத்தாதீர்கள். கால் மரக்கும் ஊசி போடாதீர்கள். வலி இல்லையென்று நினைத்து அந்தக் காலை ஊன்றிவிடும். பஞ்சை அடுக்கடுக்காகச் சுற்றி, ஒவ்வோர் அடுக்கையும் முந்தையதைவிட இறுக்கிக் கட்டி, கட்டின் தடிமன் காலைப்போல் மூன்று மடங்கு வரும்வரை போங்கள். அதன்மேல் நெடுக்குவாட்டில் பிளந்த பிளாஸ்டிக் குழாயையோ உறுதியான பலகையையோ, ஒன்று பின்பக்கமும் ஒன்று வெளிப்பக்கமுமாகச் செங்கோணத்தில் வைத்துக் கட்டுங்கள். முறிவுக்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் கட்டு தாண்ட வேண்டும். முறிந்த இடத்திலேயே கட்டு முடிந்தால், அந்த முனை நெம்புகோலாகி முறிவை இன்னும் பிளந்துவிடும். வண்டியில் ஏற்றும்போது முன்னங்கால் முறிவென்றால் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கட்டும். பிரேக் போடும்போது எடை பின்னங்கால்களுக்குப் போகும். பின்னங்கால் முறிவென்றால் முகம் முன்பக்கம்.

கேள்வி: வேலிக் கம்பி குத்தி, பின்கால் மூட்டருகே விரல் நுழையாத ஒரு சிறு துளை. ரத்தமும் அதிகமில்லை, நொண்டவும் இல்லை. மருந்துப் பொடி தூவினால் போதுமா?

பதில்: போதாது. இன்றே காட்டுங்கள். தொடையில் கையகலம் கிழிந்த காயத்தைவிட மூட்டருகே உள்ள இந்தச் சிறு துளைதான் எங்களைப் பயமுறுத்துகிறது. துளை மூட்டுப் பைக்குள்ளோ தசைநாண் உறைக்குள்ளோ போயிருந்தால், கிருமி அங்கே குடியேறிக் குருத்தெலும்பை அரிக்கத் தொடங்கும். முதல் நாள் துளை திறந்திருப்பதால் நீர் வெளியேறிவிடும். குதிரை நன்றாகவே நடக்கும். துளை மூடி உள்ளே அழுத்தம் ஏறும்போதுதான் காலை ஊன்ற முடியாமல் போகும். அதற்குள் ஒன்றிரண்டு நாள் கடந்திருக்கும். 24 மணி நேரத்துக்குள் கழுவிய மூட்டுக்கும் அதற்குப் பிறகு கழுவிய மூட்டுக்கும் பலன் வேறு.

மருத்துவர் மயிரை மழித்துச் சுத்தம் செய்து, காயத்துக்குத் தொலைவான பக்கத்திலிருந்து மூட்டுக்குள் ஊசி விட்டு முதலில் நீரை எடுப்பார். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணுக்கள் 30,000-ஐத் தாண்டி, புரதம் 100 மி.லி.க்கு 4 கிராமுக்கு மேலிருந்தால் சீழ் பிடித்துவிட்டதாகக் கொள்ளலாம். பிறகு அதே ஊசியில் கிருமியற்ற உப்பு நீரை ஏற்றுவார். காயத்தின் வாயிலில் நீர் கசிந்தால் மூட்டு திறந்திருக்கிறது என்று உறுதியாகும். அதன்பின் பல லிட்டர் நீரால் மூட்டைக் கழுவுவதும், மூட்டுக்குள்ளேயே எதிர்உயிரி செலுத்துவதும்தான் சிகிச்சை. பொடி தூவினால் இந்தச் சோதனை எதையும் சரியாகச் செய்ய முடியாது. சுத்தமான உப்பு நீரால் கழுவி மூடிக் கட்டுங்கள், அவ்வளவு போதும்.

உள்ளங்குளம்பில் ஆணி குத்தியிருந்தாலும் இதே நியாயம்தான். பிடுங்கத் தோன்றும், பிடுங்காதீர்கள். ஆணி உள்ளே இருக்கும்போது எடுக்கும் எக்ஸ்ரே அது எதைத் தொட்டிருக்கிறது என்று காட்டிவிடும். நடந்தால் இன்னும் ஆழமாக இறங்கிவிடும் என்ற நிலையில் மட்டும் எடுத்து, நுழைந்த இடம், சாய்வு, ஆழம் மூன்றையும் குறித்து, ஆணியையும் பத்திரப்படுத்துங்கள். குளம்பின் நடுவே உள்ள முக்கோணச் சதையின் மையப் பகுதியில் குத்தியதுதான் மிக ஆபத்தானது.

கேள்வி: லாயத்தில் ஒரு குதிரைக்குத் தாடைக்கடியில் கட்டி, மூக்கில் சீழ். ஸ்ட்ராங்கிள்ஸ் என்றார் மருத்துவர். மற்ற குதிரைகளுக்கும் முன்கூட்டியே பெனிசிலின் போட்டுவிடலாமா?

பதில்: மருந்தைவிட வெப்பமானிக்கு இங்கே மதிப்பு அதிகம். ஸ்ட்ராங்கிள்ஸின் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வை தொற்றி 3 முதல் 14 நாட்களில் காய்ச்சல் வரும். காய்ச்சல் தொடங்கி ஒன்றிரண்டு நாள் கழித்தே மூக்கு வழியாகக் கிருமி வெளியேறத் தொடங்கும். ஆகவே எல்லாக் குதிரைகளுக்கும் காலை, மாலை வெப்பநிலை பார்த்து, 38.5-ஐத் தாண்டியதை அன்றே பிரித்துவிட்டால் தொடர்ச்சியை அறுத்துவிடலாம். வாளி, கடிவாளம், தூரிகை, பராமரிப்பவரின் கை, உடை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். பொதுத் தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். ஈரத்தில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

கட்டி பழுத்து உடைவதே நல்லது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, உடைந்த பின் நீர்த்த பொவிடோன் அயோடினால் கழுவுங்கள். கட்டி வந்த பிறகு அரைகுறையாகக் கொடுக்கும் பெனிசிலின், கட்டியைப் பழுக்கவிடாமல் இழுத்தடிக்கும். மூச்சுத் திணறல், விழுங்க முடியாமை, விடாத காய்ச்சல் இருந்தால் மருத்துவர் அதைத் தயங்காமல் கொடுப்பார், அது வேறு.

குணமானது போல் தோன்றும் குதிரைதான் அடுத்த ஆண்டுத் தொற்றின் ஊற்று. காதுக்குக் கீழே, தொண்டையின் இருபுறமும் உள்ள காற்றுப் பைகளில் சீழ் தங்கி உருண்டைகளாக இறுகிக் கிடக்கும். குதிரை பார்வைக்குப் பளபளப்பாக இருந்துகொண்டே கிருமியைப் பரப்பும். கடைசி நோயாளி தேறி மூன்று வாரம் கழித்து, உள்நோக்கியால் அந்தப் பைகளைக் கழுவி எடுத்த நீரைப் பி.சி.ஆர். சோதனை செய்த பிறகே லாயத்தைத் திறங்கள். நோய் பரவிக்கொண்டிருக்கும்போது தடுப்பூசியும் வேண்டாம்.

கேள்வி: என் மட்டக்குதிரை குண்டு. புல் அதிகம் மேய்ந்த பின் முன்கால்களை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறது. குளம்பு சூடாக இருக்கிறது. சில நாள் பட்டினி போட்டால் சரியாகுமா?

பதில்: குளம்பு அழற்சிதான். குண்டான மட்டக்குதிரைகளில் இதன் வேர் இன்சுலினில் இருக்கிறது. 2007-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நலமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினை இடைவிடாமல் ஏற்றிப் பார்த்தார்கள். சர்க்கரை அளவை இயல்பாகவே வைத்திருந்தும், 72 மணி நேரத்துக்குள் அத்தனைக்கும் குளம்பு அழற்சி வந்தது. புல்லின் சர்க்கரை இன்சுலினை ஏற்றுகிறது. ஏறிய இன்சுலின் குளம்பின் இழைகளைத் தளர்த்துகிறது.

பட்டினி போடாதீர்கள். குண்டான மட்டக்குதிரை பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலை அடைத்துக் கொன்றுவிடும். மேய்ச்சலையும் தானியத்தையும் நிறுத்துங்கள். உலர்புல்லை உடல் எடையில் 1.5 சதவீதம் எடைபோட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள்; சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து போயிருக்கும். தரையில் ஆழமாக மென்மையான படுக்கை. நடத்தாதீர்கள். ஆரம்ப மணி நேரங்களில் பனிக்கட்டியும் நீரும் கலந்து குளம்பு முதல் முட்டிக்குக் கீழ்வரை தொடர்ந்து 48 முதல் 72 மணி நேரம் மூழ்க வைப்பது பலன் தரும். பேதி, நச்சுக் காய்ச்சலால் வரும் குளம்பு அழற்சியைத் தடுப்பதில் இதற்கு மிக உறுதியான ஆய்வுச் சான்று உண்டு. அரை மணி நேரம் குழாயடியில் நிறுத்துவது கணக்கில் வராது. எலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்த பிறகே லாடக்காரர் குளம்பைத் தொட வேண்டும். பதினைந்து வயதைத் தாண்டியிருந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறுக்கும் ரத்தம் சோதியுங்கள். இருந்தால் பெர்கோலைடு மருந்து கொடுக்க வேண்டிவரும்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் குடற்புழு மருந்து கொடுக்கிறோம். போதுமா?

பதில்: அதிகம். இந்த வழக்கத்தால்தான் மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகின. ஒரு மந்தையில் 15 முதல் 30 சதவீதக் குதிரைகளே ஏறத்தாழ 80 சதவீத முட்டைகளைப் போடுகின்றன. அவற்றைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் போதும். புது லத்தி 4 கிராம், செறிந்த உப்புக் கரைசல் 56 மி.லி.; கலக்கி வடிகட்டி, முட்டை எண்ணுவதற்கான மெக்மாஸ்டர் கண்ணாடிச் சில்லின் இரு அறைகளையும் நிரப்பி, ஐந்து நிமிடம் விட்டு முட்டைகளை எண்ணி 50-ஆல் பெருக்கினால், ஒரு கிராமுக்கு எத்தனை என்று வரும். 200-க்கு மேலென்றால் வளர்ந்த குதிரைக்கு மருந்து தேவை. மருந்து கொடுத்த பதினான்காம் நாள் மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாகக் குறையாவிட்டால் அந்த மருந்து உங்கள் லாயத்தில் செத்துவிட்டது.

எடையைக் கண்ணால் மதிப்பிடுவது இன்னொரு கோளாறு. குறைத்துக் கொடுத்த மருந்து, எதிர்ப்புள்ள புழுவைத்தான் வளர்க்கும். மார்புச் சுற்றளவைச் செ.மீ.யில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. குடற்புழு மருந்தான ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மி.கி.; இதற்கு 90 மி.கி. நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளுக்கு மாக்சிடெக்டின் என்ற புழு மருந்தைத் தொடவே கூடாது.

கேள்வி: டெட்டனஸ் சீரம் போட்டால் குதிரைக்கு மஞ்சள் காமாலை வரும் என்பது உண்மையா?

பதில்: அரிதாக வரும். 1918 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்ட் தைலர் இதை முதலில் விவரித்தார். சீரம் போட்டு 4 முதல் 10 வாரம் கழித்துக் கல்லீரல் திடீரென்று கெட்டது. காரணம் ஒரு நூற்றாண்டாகப் புலப்படவில்லை. 2018-ல்தான் கார்னெல் பல்கலைக்கழகக் குழு, சீரம் போட்டு இறந்த ஒரு குதிரையின் கல்லீரலிலும் அந்தச் சீரத்திலும் புதிய பார்வோ வைரஸைக் கண்டது. அதற்காகத் தடுப்பை விடாதீர்கள். டெட்டனஸுக்கு மிக எளிதில் இரையாகும் விலங்குகளில் குதிரையும் ஒன்று. டாக்ஸாய்டு என்ற டெட்டனஸ் தடுப்பூசியை 4 முதல் 6 வாரம் இடைவெளியில் இருமுறை போட்டு, ஆண்டுதோறும் ஒன்று போட்டு வந்தால் சீரமே தேவைப்படாது. இது சீரம் அல்ல. அந்த ஆபத்தும் இல்லை.

கேள்வி: காயடித்த மறுநாள் வீக்கம் கூடுகிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: நான்காம், ஐந்தாம் நாள்வரை வீக்கம் கூடுவது இயல்பு. லாயத்தில் நிறுத்தி வைத்தால் இன்னும் கூடும். மறுநாளிலிருந்து தினம் இருமுறை இருபது நிமிடம் நடத்துங்கள். சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுவது பரவாயில்லை. பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாரையாக ஓடினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல், மந்தம், நாற்றமுள்ள சீழ் என்றாலும் அப்படியே. காயத்திலிருந்து குடலோ சவ்வோ தொங்கினால் உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான துணியை உப்பு நீரில் நனைத்துத் தாங்கி, அடிவயிற்றோடு சேர்த்துக் கட்டி, குதிரையை அசையாமல் நிறுத்துங்கள். அது முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பாலும் நடக்கும் என்பதால் அன்று ஓர் ஆள் அருகிலேயே இருக்கட்டும். பெட்டைகளிடமிருந்து ஒரு மாதமாவது பிரித்து வையுங்கள்.